எல்லோருக்கும் மேலே ஒரு பெயர்

வெர்பாவா என்ற ஆற்றங்கரை ஊரைப் பிடித்த தளபதி, மாதா கோயில் சுவரில் வெட்டியிருந்த கோடுகளையும் பெயர்களையும் தேதிகளையும் பார்த்தான். பழைய ராஜாக்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"இவங்க எல்லாருக்கும் மேலே என் பேர் இருக்கணும். பொழுது சாயறதுக்குள்ள இல்லேன்னா உன் தலை இருக்காது" என்றான் கல்தச்சன் ஹாவெலிடம்.

ஹாவெல் ஏணி போட்டு, தன் மனைவியின் பெயரைத் தாண்டி ஏறி, உச்சியில் வெட்டினான். கூடியிருந்த ஊரார் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தளபதிக்கு மனம் குளிர்ந்தது.

"கீழே இருக்கறவங்கல்லாம் யாரு?"

"வெள்ளத்துல போனவங்க எசமான். தண்ணி ஏறின உயரத்துல பேரையும் செத்த தேதியையும் வெட்டுவோம்."

தளபதி திரும்பிப் பார்த்தான். அவன் படை கூடாரம் அடித்திருந்த கரையில் மழை பிடித்திருந்தது.

"அழிச்சிடு."

"அழிக்கிற வழக்கம் இல்லீங்க. தேதி மட்டும்தான் பாக்கி."