நாற்பத்தாறு இழுப்பு

மலைப்பாதையின் ஏழாவது வளைவில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் எதிர்பார்க்க வேண்டாம். ஓடு போட்ட மூன்று அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, தகரக் கொட்டகை ஒன்று, அவ்வளவுதான்.

தில்லையம்மா அங்கே குருவாக இருந்தார். அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் வேதாசலத்துக்கு ஐம்பத்தொன்பது. இந்த வயது வித்தியாசம் வேதாசலத்தை ஒருநாளும் உறுத்தியதில்லை. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களைத்தான் குழப்பியது. அவர்கள் நேராக வேதாசலத்தின் காலில் போய் விழுவார்கள். அவர் பதறி விலகி, "அம்மா உள்ள இருக்காங்க" என்பார்.

மடத்துக்கு வருமுன் அவர் ஓசூரில், லாரிக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மடத்துப் பானையில் தண்ணீர் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால்கூட உடனே சொல்வார்.

ஏழாவது வளைவில் மழைக்காலத்தில் மரம் விழும். மேலே இருக்கும் மூன்று ஊருக்கும் அது ஒன்றுதான் பாதை. அதனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து மரம் அறுக்கும் மிஷின் ஒன்றை வாங்கி மடத்தில் வைத்திருந்தார்கள். கோர்டா கம்பெனி மிஷின். பொறுப்பு வேதாசலத்திடம்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய மரம் ஒன்று கிளைகளோடு பாதையை அடைத்து விழுந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆளைத் தூக்கிக்கொண்டு தாண்டவும் வழியில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே இளஞ்சியம் என்ற பெண் பிரசவ வலியில் இருந்தாள். அவளுக்கு அது முதல் பிரசவம்.

வேதாசலம் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். மிஷின் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். நாற்பத்தாறு முறை இழுத்தார். உள்ளங்கை கிழிந்ததே தவிர அது ஒரு தடவைகூட உறுமவில்லை. பிறகு கோடாலியும் அரிவாளும் வந்தன. மரத்தை வெட்டி நகர்த்த இரண்டரை மணி நேரம் ஆயிற்று. குழந்தை ஜீப்பிலேயே பிறந்தது. அழவில்லை.

அன்று சாயங்காலம் வேதாசலம் மிஷினைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஆனி மாதம், ஊர்க்காரர்கள் புது மிஷின் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். எந்தக் கம்பெனி மிஷின் நம்பகமானது என்று பார்த்துச் சொல்லும் வேலை வேதாசலத்துக்கு வந்தது. கோர்டா ஒன்று, பெல்வின் ஒன்று, இந்த இரண்டும்தான் அந்தப் பக்கத்தில் விற்பனைக்குக் கிடைத்தன.

அவர் குருவிடம் போனார்.

"அம்மா, எந்த மிஷின் கைவிடாது?"

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்துட்டு வாங்க."

குருவிடம் இப்படி ஒரு பதில் கிடைத்தால் வேறு சீடர்கள் அதற்குள் அர்த்தம் தேடிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார்கள். வேதாசலம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அடிவாரத்து ஊரில் மைதீன் என்பவர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வேதாசலம் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் கழித்து நோட்டைப் பார்த்து, "பெல்வின்தான் உசத்தி" என்றார்.

"யாரு சொன்னா?" என்றார் மைதீன்.

"ரிப்பேருக்கு வந்தது கோர்டா நாப்பத்தொண்ணு. பெல்வின் ஒம்பது."

மைதீன் வாயில் கவ்வியிருந்த ஸ்குரூவை எடுத்தார். "சார், பெல்வினுக்கு இந்த ஜில்லாவுலயே ஸ்பேர் கெடையாது. கெட்டுப்போனா பரண்ல தூக்கிப் போட்டுருவாங்க. என்கிட்ட எதுக்குக் கொண்டாரப் போறாங்க?"

வேதாசலம் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். புதுப் பக்கம் தொடங்கினார்.

"சரி, எதனால கெட்டுப்போவுது?"

"ஓடிக் கெடறது கம்மி சார். சும்மா கெடந்து கெடறதுதான் ஜாஸ்தி. பெட்ரோலை உள்ளயே விட்டுட்டு மூலையில வெச்சிருவான். நாலஞ்சு மாசத்துல அது பிசினாட்டம் ஆகி கார்பரேட்டரை அடைச்சுக்கும். அப்புறம் கம்பெனிக்காரனைத் திட்டுவான்."

"இது கோர்டாவுலயா, பெல்வின்லயா?"

"ரெண்டுலயும்தான்."

வேதாசலம் அதையும் எழுதினார். இரண்டுக்கும் பொது என்பதால், 'ஒப்பீட்டுக்கு உதவாது' என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம்.

ஆனாலும் எழுந்து போகவில்லை. மைதீன் மிஷினைப் பிரிக்கும்போது கூடவே உட்கார்ந்து பிரித்தார். கழுவினார். மாட்டினார். ஒவ்வொன்றையும் எத்தனை இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது என்று எண்ணி எழுதினார். வேறு எந்தக் கணக்கை விட்டாலும் அந்தக் கணக்கை மட்டும் அவர் விடவில்லை.

பிறகு மரம் வெட்டுகிறவர்களைத் தேடிப் போனார். வடமலை, திருமலை என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனிடம் கோர்டா. தம்பியிடம் பெல்வின்.

"கோர்டா இருக்கே, அது குதிரைங்க" என்றார் வடமலை. "கைய வெச்சா ஓடும்."

"கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க, பாக்கலாம்."

ஏழு இழுப்பு ஆயிற்று. "இன்னிக்குக் குளிருங்க" என்றார் வடமலை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

தம்பி சிரித்தபடி தன் பெல்வினை எடுத்தார். ஒரே இழுப்பு. ஸ்டார்ட் ஆகிவிட்டது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அது நின்றுவிட்டது.

"அது ஒண்ணுமில்லீங்க. புது ஆளுங்களைப் பாத்தா அப்படித்தான்" என்றார் தம்பி.

இரண்டு பேரும் அவரவர் மிஷினைத் துணியால் துடைத்து வைத்தார்கள். புறப்படும்போது வடமலை கேட்டார்: "இவ்வளவு கேக்கறீங்களே, உங்க மிஷினுக்கு என்னதாங்க ஆச்சு?"

"அது மோசமான மிஷின்" என்றார் வேதாசலம். பஸ் வந்துவிட்டது.

ஆவணியில் அவர் மடத்துக்குத் திரும்பினார். நோட்டு நூற்றுப் பன்னிரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. மறுநாள் காலை தில்லையம்மா முன்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். இழுப்பு எத்தனை, எடை எவ்வளவு, அதிர்வு எப்படி, செயின் எத்தனை நாளில் தளர்கிறது, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. தில்லையம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது இளஞ்சியம் பால் கொண்டுவந்தாள். மடத்துக்குத் தினமும் பால் ஊற்றுகிறவள் அவள்தான். அவள் வருகிற நேரத்தில் வேதாசலம் பெரும்பாலும் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அன்று படிக்கிற மும்முரத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை.

"எதை வாங்கப் போறீங்கய்யா?" என்று கேட்டாள்.

"பெல்வின்மா. கோர்டாவே வேண்டாம். அன்னைக்கு நம்மளை மோசம் பண்ணுனது அந்தக் கம்பெனிக்காரன்தான்."

"கம்பெனிக்காரன் என்னங்கய்யா பண்ணுவான்? விடியறப்பவே எனக்கு வலி வந்துருச்சு. மாட்டைக் கறந்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன். அப்பவே கெளம்பியிருந்தா மரம் விழறதுக்குள்ள தாண்டியிருப்போம். எங்க வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க."

"அப்படிச் சொல்லாதம்மா."

"யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் அதான உண்மை. பத்து மாசமா அந்த ஒரு நெனப்புதான். மாட்டுக்கிட்டப் போனாலே அந்த நெனப்பு வந்துருது."

அவள் அழவில்லை. பால் ஊற்றுவதைப் போலவே இதையும் சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போய்விட்டாள்.

வேதாசலத்துக்கு எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை. விரலை வைத்துத் தேடினார்.

"எத்தனை மிஷினைப் பிரிச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார் தில்லையம்மா.

"அறுபத்து மூணும்மா."

"நம்ம மிஷின்?"

"அது கெட்டுப்போன மிஷின்."

"மத்த அறுபத்து மூணும்?"

வேதாசலம் நோட்டை மூடினார்.

தில்லையம்மா கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். கொட்டகைக்குப் போய் மிஷினைத் தானே தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார். சிலந்தி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பேனரையும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டையும் வைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

வேதாசலம் சிலந்திக் கூட்டைத் துடைத்தார். பிறகு டேங்க் மூடியைத் திருகினார்.

மூடி திறந்ததுமே வாசனை சொல்லிவிட்டது. மைதீன் கடையில் இந்த வாசனையை அவர் எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறார். டேங்கைத் தட்டில் கவிழ்த்தார். கஷாயம் மாதிரி இறங்கியது. கார்பரேட்டரைக் கழற்றினார். துவாரம் முழுக்கப் பிசின்.

அவர் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கழுவினார். மடத்து மொபெட்டுக்கு வைத்திருந்த பெட்ரோலை அளந்து, ஆயில் கலந்து, ஊற்றினார். மாட்டினார். மிஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஓட்டுக்கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. வேதாசலம் மிஷினை நிறுத்தினார். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றார்.

"எனக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும்? நீங்க கொட்டகைப் பக்கமே போகலைங்கறதுதான் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தில்லையம்மா தட்டில் இருந்ததை எட்டிப் பார்த்தார். "பத்து மாசமா கெடந்த மிஷின்தானே. இந்தப் பெட்ரோல் அன்னைக்கு நல்லா இருந்து, அதுக்கப்புறம் கெட்டிருக்கலாமே?"

நல்ல வாதம். இந்த மாதிரி ஒரு வாதத்தைத் தொழிற்சாலையில் யாராவது சொல்லியிருந்தால் வேதாசலம் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், இப்போதும் அது நிலைத்திருக்கும். குருவே சொன்னது என்று ஆறுதலும் பட்டுக்கொள்ளலாம். அவர் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை.

"இல்லம்மா" என்றார். "மாசி மகத்துக்குப் பந்தக்கால் அறுத்தேன். அப்ப ஊத்துன பெட்ரோல். அப்படியே வெச்சுட்டேன். ஐப்பசி வரைக்கும் எடுக்கவே இல்ல. எட்டு மாசம். அன்னைக்கு மிஷினைத் தூக்கிட்டு ஓடும்போதே மூடியத் தொறந்து பாத்தேம்மா. டேங்க் நெறைய இருந்துச்சு. நல்லவேளைன்னு நெனச்சேன்."

அவர் அழுதார். ஐம்பத்தொன்பது வயசு மனிதர் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். தில்லையம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அழுகை அடங்கியதும் கேட்டார்:

"இதை ஏன் என்கிட்டச் சொல்றீங்க?"

"பின்ன யாருகிட்டம்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வாசலைப் பார்த்தார்.

"இன்னேரம் பால் ஊத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பா" என்றார் தில்லையம்மா.

"அவ வீட்டுக்காரன் சும்மா விடமாட்டான். அடிச்சாலும் அடிச்சிருவான்."

"அடிக்கலாம்."

"ஊர்ல எவனும் இனிமே ஒரு பொறுப்பையும் என்னை நம்பித் தரமாட்டான்."

"தராம இருக்கலாம்."

"சொல்லிட்டா மட்டும் போன உசுரு வந்துருமாம்மா?"

"வராது."

வேதாசலம் எழுந்து தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. மறுபடி கழுவினார். நோட்டுப் புத்தகம் இருந்த இடத்திலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. படியிறங்கிப் பாதை வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

"அம்மா, அந்தப் பொண்ணு என்னை மன்னிப்பாளா?"

"உங்களை மன்னிக்கறதுக்கா அனுப்பறேன்? அவ தன்னை மன்னிச்சுக்கணும். போங்க."