ஓட்டை விழுந்த சிமென்ட்

டாக்டர் ஜெபசிங்குக்குத் தன் கை மேல் ஒரு பெருமை. செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டும் சிமென்ட்டை அவன் கலக்கினால் ஒரு குமிழி இருக்காது, பளிங்கு தோற்கும். ஊரே மெச்சி என்ன பிரயோஜனம்? அவனுக்குத் தொழில் சொல்லித் தந்த மங்கையர்க்கரசி மேடம் மட்டும் இதுவரை ஒரு சபாஷ் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரிடம் இத்தனை வருஷம் கிடந்தான்.

அன்று ஆபரேஷன் மேஜையில் மீன்கடை லூர்தம்மாள். வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் வைத்த செயற்கை மூட்டில் சீழ் பிடித்து, முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"காலை மட்டும் எடுத்துறாதீங்க சாமி, நின்னாத்தான் எனக்கு யாவாரம்" என்று முந்தின நாள் ஜெபசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

பழைய மூட்டைக் கழற்றி, சீழைக் கழுவி, எலும்பைச் சுத்தம் செய்தாயிற்று. அந்தப் பள்ளத்தில் இப்போதைக்கு மருந்து கலந்த சிமென்ட்டை வைத்து மூட வேண்டும். கிருமி செத்த பிறகுதான் புது மூட்டு.

ஜெபசிங் மருந்துப் பொடியைச் சிமென்ட்டில் சேர்த்து, காற்றை உறிஞ்சும் கருவியில் போட்டுக் கலக்கி நீட்டினான். வழவழவென்று வந்திருந்தது.

மேடம் தொட்டுப் பார்த்தார். தூக்கிப் போட்டார்.

அடக் கொடுமையே! நர்ஸுகள் முன்னால் அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னொண்ணு கலக்குங்க. கிண்ணத்துல, கையால."

கலக்கினான்.

"கட்டி தட்டுது மேடம்."

"தட்டட்டும்."

"ஓட்டை ஓட்டையா வருது."

"வரட்டும்."

"ஓட்டை விழக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?" குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"ஓட்டை இல்லாத இட்லியை உங்க வீட்ல என்ன சொல்வாங்க?"

"கல்லுன்னு."

சிஸ்டர் பவானி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"நான் சொன்னது காலத்துக்கும் நிக்கிற சிமென்ட். இது மருந்தைக் கசிய விட வேண்டிய சிமென்ட். வழி இல்லேன்னா மருந்து எப்படி வெளிய வரும்?"

ஜெபசிங் கட்டியும் ஓட்டையுமாக அதை அப்படியே நீட்டினான்.

கையால் கலக்கிய சிமென்ட் முழங்காலுக்குள் போய் உட்கார்ந்தது. வாரங்கள் ஓடின. வீக்கம் வற்றியது, காய்ச்சல் விட்டது. லூர்தம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே மீன் சந்தையாகிவிட்டது.

மறுபடியும் ஆபரேஷன். மேடம் நடத்த, ஜெபசிங் எதிரே உதவிக்கு நின்றான். திறந்து பார்த்தால் பொட்டுச் சீழ் இல்லை! அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் உளியை வைத்துத் தட்டியதும், அவன் கலக்கிய சிமென்ட் துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தபோது மனசு கேட்கவில்லை.

"இந்தக் காலைக் காப்பாத்தினதே இதுதான். கடைசில குப்பைக்கா போகணும் மேடம்?"

மேடம் தான் நின்ற இடத்தை விட்டு விலகினார்.

"இப்படி வந்து நில்லுங்க. புது மூட்டை நீங்க வைங்க."

"தனியாவா? நீங்க?"

மேடம் கையுறையைக் கழற்றினார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணில் பெருமை பொங்கியது.

"குடுக்க வேண்டியதெல்லாம் குடுத்தாச்சு, டாக்டர். இனியும் நான் இங்கேயே நின்னா, புதுசு எங்க உக்காரும்?"