காலனி ஸ்டாப்

"நிழற்குடை நன்றாகத்தான் வந்திருக்கிறது, மேடம். ஒருத்தர்கூட வந்து உட்கார மாட்டேன் என்கிறார்கள்."

அருளப்பன் இதைச் சொன்னபோது பூங்கோதை காலேஜ் ஆசிரியர் அறையில் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பது. ஆனாலும் வடிவமைப்புப் பாடத்தை எப்படி நடத்துவது என்று அவர் கற்றுக்கொண்டது அவளிடம்தான்.

அநியாயம் எங்கே இருக்கிறதோ அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள் என்று அவள் சொல்லித்தான் அந்தக் காலனிக்குப் போனார். மொட்டை வெயிலில் ஒரு பஸ் ஸ்டாப். பதினெட்டு மாணவர்கள் நாலு மாதம் உழைத்தார்கள். வீடு வீடாகப் போய் நாற்பது கேள்வி கேட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு இருக்கை எத்தனை உயரம், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாம் கேட்டுத்தான் கட்டினார்கள்.

காலனிக்காரர்கள் நன்றி சொன்னார்கள். மறுநாள் வழக்கம்போல இரண்டு கிலோமீட்டர் நடந்து ஊர் ஸ்டாப்புக்குப் போனார்கள்.

இருக்கை உயரம் சரியில்லையோ? கூரையைப் பிரித்து மறுபடி போடலாமா? அருளப்பன் கேட்டுக்கொண்டே போனார்.

பூங்கோதை பேனாவை மூடினாள். அவர் கக்கத்தில் இருந்த வருகைப் பதிவேட்டை வாங்கி, புரட்டிப் பார்த்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மறுபடி தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள்.

அருளப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பதினெட்டுப் பெயர்கள். அஞ்சுகம் என்ற பெயருக்கு எதிரே மட்டும் ஐந்து நாள் ஆப்சென்ட். மற்றவர்கள் காலனியில் வீடு வீடாகப் போன அதே ஐந்து நாள்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அஞ்சுகத்திடம் கேட்டார். பட்டறையில் இருக்கைக்கு வெல்டிங் வைத்தவள் அவள். அதிகம் பேசாத பெண். அந்தக் காலனிதான் தன் ஊர் என்றாள். கூட வந்தால் இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தாளாம்.

"சரிம்மா. ஏன் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்?"

"பஸ் அங்க நிக்காது சார். எங்க ஸ்டாப்தான் முதல்ல வரும். நாங்க ஏறி சீட்டு பிடிச்சிட்டா ஊர்க்காரங்க நின்னுட்டு வரணும்ல?"

"நாற்பது கேள்வி கேட்டோமே. ஒருத்தரும் சொல்லவில்லையே?"

"நாப்பதும் நிழலைப் பத்தித்தானே சார்."



மறுநாள் அவளே வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். உடனே பென்சில்கள் கிளம்பின. பெரிய பலகை வைக்கலாம் என்றான் ஒருவன். சிவப்பு விளக்கு வைக்கலாம் என்றாள் ஒருத்தி. அருளப்பனும் சாக்பீஸை எடுத்துவிட்டு, எதை வரைவது என்று தெரியாமல் நின்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஞ்சுகம் சொன்னாள், தனியாக நின்றால் வண்டியை மேலே ஏற்றிவிடுவார்கள், பத்தொன்பது பேர் நின்றால் யோசிப்பார்கள் என்று.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்தொன்பது பேரும் காலனி எதிரே ரோட்டின் குறுக்கே நின்றார்கள். அருளப்பன் இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். இது பாடமா, வம்பா? பிரின்சிபால் கேட்டால் என்ன சொல்வது?

பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலனிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முதலில் ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக மாணவர்களும் அருளப்பனும் ஏறி நின்றுகொண்டார்கள்.

ஊர் ஸ்டாப்பில் ஏறியவர்கள் சீட்டுகளைப் பார்த்தார்கள். ஒன்றும் பேசாமல் கம்பியைப் பிடித்தார்கள். 

வேலை முடிந்ததா, இனிமேல்தானா என்று அருளப்பனுக்கு விளங்கவில்லை. அஞ்சுகத்தின் பக்கம் குனிந்து கேட்டார்.

"நாளைக்கும் இப்படி நிற்கணுமாம்மா?"

"நாளைக்கும் காலேஜ் இருக்கே சார்."