கவிழ்க்கச் சொன்ன தோணி

தூத்துக்குடியில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்த நான், ஆயில் பெயிண்டில் படமும் வரைவேன் என்று ஒருநாள் உளறிவைத்தேன். முதலாளி கஸ்பார் பர்னாந்து நம்பிவிட்டார். துறைமுகத்தில் பாய் விரித்து நிற்கும் அவர் தோணியை, தண்ணீரில் விழுந்த அதன் பிம்பத்தோடு வரைந்து கொடுத்தேன். உள்ளதைச் சொன்னால், தோணியைவிடப் பிம்பம்தான் தோணி மாதிரி இருந்தது.

படத்தைப் பார்த்த முதலாளி, ஆட்கள் முன்னால் கத்தினார்.

“ஏல, தண்ணிக்குள்ள என் தோணி தலகீழா கெடக்கு. கடல் தொழில் பாக்கவன் வீட்டுல கவுந்த தோணிய மாட்டுவானால? பிம்பமும் நிமிந்து நிக்கணும். இல்லேன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத.”

“செஞ்சிரலாம் மொதலாளி. ஆனா நான் பாத்து வரையிற ஆளு. உங்க தோணியக் கொஞ்சம் கவுத்துப் போடச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள நிமிந்து தெரியும், அப்படியே வரைஞ்சிருதேன்.”

ஆட்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள். முதலாளி தோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போய்த் தாரப் பூசுல” என்றார்.

வேலை தப்பியது. பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் என் படம் தொங்கியது. வருகிறவர்களெல்லாம் தோணியைப் புகழ்கிறார்களாம். எனக்கும் பெருமைதான். மேல் மூலையில் என் கையெழுத்து தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கும்வரை.