ரேடியோவுக்குப் பாதசேவை

மாங்கோட்டை சமஸ்தானத்துக்கு மின்சாரம் வந்த புதிது. ஊர் முழுக்க அகல்விளக்கு. அரண்மனையில் மட்டும் பல்பு. அது போதாதென்று ராஜா முத்துவிசயர் பட்டணத்திலிருந்து ஒரு ரேடியோவும் தருவித்தார். பேசும், பாடும், சமயத்தில் இருமும். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜாவுக்குப் பிடித்ததைப் புகழாவிட்டால் திவான் நல்லபெருமாளுக்குச் சோறு இறங்குமா? பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, "மகாராஜா, இது வெறும் பெட்டியா? தங்களுக்கு நடக்கிற உபசாரம் அத்தனையும் இதற்கும் நடக்க வேண்டாமோ!" என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியே ஆணை போட்டார்.

வந்தது வினை. ராஜா பிள்ளைபோல் வளர்த்த வேட்டைநாய் பைரவன், சாயங்காலமானால் ரேடியோக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தது. பெட்டிக்குள் பாகவதர் பல்லவியை எடுப்பார், இங்கே 'படார்' என்று பொறி பறக்கும், பெட்டி ஊமையாகிவிடும். மூன்றாம் தடவை நாயின் மீசையே கருகிப்போயிற்று. கட்டிப் போட்டார்கள், அது போட்ட ஊளையில் கச்சேரி கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்கள், தேக்குக் கதவைப் பிறாண்டிப் பாழாக்கிவிட்டது.

"இனிப் பொறுக்க முடியாது. நாயைக் காட்டில் விட்டுவிடுங்கள்" என்றார் ராஜா. சொல்லிக்கொண்டே அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஐயோ பாவம் மகாராஜா!" என்று பதறிவிட்டான் திருமேனி. சபையின் விகடகவி அவன்; தன் இலையில் பாதியைப் பைரவனுக்குப் போடுகிறவன்.

திவானுக்கு இது போதாதா? "அவ்வளவு பாசமென்றால் அவனே நாயைத் திருத்தட்டும். கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது. நாளைக் கச்சேரிக்குள் முடியாவிட்டால் நாயோடு அவனும் காட்டுக்குப் போகட்டும்!"

"ஆகட்டும்" என்றார் ராஜா. திருமேனிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் கச்சேரிக்கு முன்னதாகவே கூடத்துக்குப் போய் உட்கார்ந்தான். பணியாள் செங்கோடன் கிண்ணத்தோடு வந்தான். கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அதன்மேல் நெய்யை வழிய வழியத் தடவினான்.

"அடப்பாவி! என்னய்யா இது?"

"பாதசேவை, சாமி. ராஜா காலில் தினம் பசுநெய் தடவுகிறோமில்லையா? இந்தப் பெட்டிக்குக் கால் எது என்று திவானிடமே கேட்டேன். தரையில் கிடப்பது எதுவோ அதுதான் கால் என்றுவிட்டார்."

திருமேனிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். ராஜாவின் ஆணைதான் தப்பு என்று சபையில் சொன்னால், நாய்க்கு முன்னால் அவனல்லவா காட்டுக்குப் போக வேண்டும்?

"செங்கோடா, நான் சொல்கிறவரை கம்பியைச் சுவரில் செருகாதே" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

ராஜா வந்து அமர்ந்தார். சபையும் கூடியது. செங்கோடன் ராஜாவின் காலில் நெய் தடவினான். பைரவன் ஓடிவந்து அந்தக் காலை நக்கியது. ராஜா கூச்சம் தாங்காமல் சிரித்தார். அடுத்துப் பைரவன் நேரே ரேடியோவிடம் போய்க் கம்பியைக் கவ்வியது.

"தோற்றான் திருமேனி!" என்று துள்ளினார் திவான்.

"கொஞ்சம் பொறுங்கள். மகாராஜா, பைரவன் தங்கள் காலை நக்கியதே, அது குற்றமா?"

"அது பாசமடா!"

"தங்கள் காலுக்குச் செய்ததை ரேடியோவின் காலுக்கும் செய்தால் மட்டும் குற்றமா? தங்களுக்கு நடப்பதெல்லாம் அதற்கும் நடக்க வேண்டுமென்பது ஆணை. அதை இந்த அரண்மனையில் வாலாட்டிக்கொண்டே நிறைவேற்றுகிறவன் இவன் ஒருத்தன்தான்!"

ராஜா எழுந்து கம்பியைத் தொட்டு முகர்ந்தார். நெய்! திவானைப் பார்த்தார். திவான் பல்பைப் பார்த்தார்.

"சரி, நெய்யை நிறுத்தலாம். ஆனால் போட்ட ஆணையைத் திரும்ப வாங்கினால் என் மானம் என்னாவது?"

"எதற்குத் திரும்ப வாங்க வேண்டும்? தாங்கள் நெய்யை விட்டு விரதம் இருந்தால், ஆணைப்படி ரேடியோவும் இருக்கத்தானே வேண்டும்?"

"எத்தனை நாள்?"

"ஒரு மண்டலம், மகாராஜா. பைரவன் மறந்துவிடுவான். ராஜா விரதமென்றால் திவானும் விரதம். அது நம் சமஸ்தானத்து வழக்கமாயிற்றே!"

நெய் மிதக்காத பொங்கலைத் திவான் பிறந்தது முதல் கண்டதில்லை. முகம் வெளுத்துவிட்டது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"அரண்மனை நெய்யெல்லாம் இனிச் சும்மாதானே கிடக்கும்? அதை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும்."

அடுத்த நாள் பாகவதர் பல்லவியை எடுத்து, முடித்து, மங்களமும் பாடிவிட்டார். கம்பியை ஒருவரும் தொடவில்லை. ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பைரவன் எங்கே?"

"திருமேனி வீட்டில், மகாராஜா" என்றார் திவான் முந்திக்கொண்டு. "காலையிலிருந்து அடுப்படியை விட்டு அசையவில்லை. மூன்று இலை நெய்ச்சோறு ஆயிற்று!"

"அடுப்படியில் நடந்தது உமக்கெப்படித் தெரியும்?"

திவான் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெரிய மீசை, பல்பு வெளிச்சத்தில், நெய்யில் பளபளவென்று மின்னியது.