கல் பிள்ளைக்கு ஒரு தொட்டில்

மழை கேட்ட நேரத்தில் பெய்துகொண்டிருந்த காலத்திலே, மருதங்காடு என்கிற நாட்டைக் குலவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் பருவத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஒரு பருவம் சமையலில் இறங்கினார். அரண்மனையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அடுத்தது தச்சுவேலை. அந்தப்புரத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, உளியும் இழைப்புளியுமாக உட்கார்ந்துவிட்டார். தச்சன் எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது, எல்லாம் தன் கையாலேயே ஆகணும் என்று உத்தரவு.

முதலில் ஒரு நாற்காலி செய்தார். அதைச் சபைக்கு நடுவே போட்டு, மந்திரி சிற்றம்பலத்தை உட்காரச் சொன்னார். மந்திரி உட்கார்ந்தாரோ இல்லையோ, நாற்காலி முன்னே சாய்ந்தது, பின்னே சாய்ந்தது. ஒரு கால் கட்டை. ராஜாவோ மந்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எந்த இக்கட்டிலும் சிற்றம்பலத்துக்கு நாக்கு முந்திக்கொள்ளும். "மகாராஜா, ஊரில் உள்ள நாற்காலியெல்லாம் ஆளைச் சும்மா தாங்கும். இது தாயைப் போலத் தாலாட்டவும் செய்கிறதே" என்றார்.

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த கொழுந்தப்பருக்கு அடிவயிறு எரிந்தது. இந்த வார்த்தை நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று.

அந்தச் சிரிப்பு அடங்கிக் கொஞ்ச நாளில், பிரசவத்துக்கு வந்திருந்த ராஜாவின் மகள் செண்பகவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ராஜா மந்திரியைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"வாரும். நீர் சொன்ன வார்த்தைதான் மனசிலேயே நின்றது. தாலாட்டுகிற கை எனக்கு வாய்த்திருக்கும்போது, என் பேரனுக்கு வேறொருவன் ஏன் தொட்டில் செய்யணும்?"

ராஜா செய்து முடித்து வைத்திருந்த தொட்டிலை மந்திரி தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது. வெட்டின கையோடு அறுத்த பச்சை வாகை மரம். காயக் காயப் பலகை சுருங்கும். அடிப்பலகையைப் பிடித்திருக்கிற மரமுளைகள் இளகும். பேர் சூட்டும் நாளுக்குள் நன்றாகவே காய்ந்துவிடும்.

"எப்படி?" என்றார் ராஜா.

"பார்வைக்கு அழகு, மகாராஜா."

வெளியே செண்பகவல்லி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "மாமா, எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கு உங்கள் வாயால் ஒரு வார்த்தை போதும். இவனை அதில் போடலாமா?"

முந்திக்கொள்ளும் நாக்கு அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொட்டில் ஆகாது என்றால், அப்புறம் நாற்காலி எப்படி ஆயிற்று என்று ராஜா கேட்பார். "பேர் சூட்டும் அன்றைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று தலையைக் குனிந்தபடி நடந்தார். சொன்னது தன் காதுக்கே நாராசமாக இருந்தது.

பேர் சூட்டும் நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. நடுவே உத்தரத்திலிருந்து தொட்டில் தொங்கியது. கொழுந்தப்பர் எழுந்தார்.

"தேவலோகத்துத் தச்சனும் இந்தத் தொட்டிலைப் பார்த்தால் உளியைக் கீழே போட்டுவிடுவான். மந்திரியார் மட்டும் வாயே திறக்கவில்லை. குறை ஏதும் கண்டீரோ? கண்டால் அன்று நாற்காலியைப் புகழ்ந்தது பொய்யாகிவிடுமே, ஐயா."

"குறை நிறை பிறகு பேசுவோம்" என்றார் மந்திரி. "முறைப்படி முதலில் கல் பிள்ளையைத்தானே தொட்டிலில் போடணும்?"

ஆமாம் என்றார்கள் பெண்கள். அம்மிக்குழவிக்கு மஞ்சள் தடவி, பட்டுத்துணி சுற்றி, தொட்டிலில் கிடத்தினார்கள்.

"அடியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒருவர் தாலாட்டுப் பாடினால் பாங்காக இருக்கும். தொட்டிலை அதிகம் மெச்சியவருக்குத்தான் அந்தப் பெருமை" என்றார் மந்திரி.

கொழுந்தப்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே முளைகள் பாதி வெளியே எட்டிப் பார்த்தன. மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டார்.

"தொண்டை கட்டியிருக்கிறது. பாட்டு வராது."

"பாட வேண்டாம். காலை மட்டும் நீட்டும்."

"முட்டியில் வாயு, மந்திரியாரே. மடக்கியே வைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார்" என்று கொழுந்தப்பர் எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

"சேனாபதி, நீர் வாரும்" என்றார் ராஜா. சேனாபதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ராஜா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் கவிழ்ந்தது.

"கல்லுக்குக் கீழே ஒரு கால் நீளவில்லை. என் பேரனைக் கிடத்துவதை வேடிக்கை பார்க்கவா இத்தனை பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தீர்கள்?" மந்திரியின் பக்கம் திரும்பினார். "நீர் நீட்டுவீரா?"

"மாட்டேன், மகாராஜா. மரம் பச்சை. அன்று நாற்காலிக்கும் ஒரு கால் கட்டை. உங்கள் முகம் வாடுமே என்றுதான் அப்படிச் சொன்னேன். இல்லை, அதுகூட இல்லை. சபை சிரிக்கும் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் இந்தத் தொட்டில்."

ராஜா எழுந்து வந்து தானே தொட்டிலை ஆட்டினார். முதல் வீச்சில் கிறீச்சென்றது. அடுத்ததில் பலகை ஒரு பக்கம் வாயைப் பிளக்க, குழவி கீழே விழுந்து தரைக்கல் பிளந்தது. அம்மாவின் தோளில் தூங்கிய பிள்ளை வீறிட்டு அழுதது.

உளிக்காயம் ஆறாத தன் கைகளை ராஜா மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தொழில் தெரிந்தவன் எவனையும் உள்ளே விடாதே என்றது நான்தானே" என்றார் தணிந்த குரலில். "கொழுந்தப்பரே, அந்தக் குழவியைத் தலையில் வைத்துச் சமையற்கட்டில் சேர்த்துவிட்டு வாரும். ஏன் என்று வழியில் கேட்கிறவர்களுக்கு நீரே சொல்லும். மந்திரியாரே, முத்துமாலை உம்மிடமே இருக்கட்டும். அன்றைக்கு அதைத் தண்டமாகத்தான் கொடுத்தேன். இன்றைக்குப் பிள்ளையைக் காத்ததற்கு. ஆனால் இனிமேல் சபையில் உமக்கு அந்த நாற்காலிதான். காலுக்கு அடியில் எதையும் செருகக் கூடாது."

ராஜா கொட்டகைப் பக்கம் போனார். தச்சனைக் கூப்பிட ஆள் ஓடியது. கொழுந்தப்பர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழவியோடு போனார். சபையும் ஒருவரை ஒருவர் பாராமல் கலைந்தது.

செண்பகவல்லி மந்திரியிடம் வந்து நின்றாள்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாம், மாமா."

பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தட்டிக்கொண்டே போய்விட்டாள்.

சிற்றம்பலம் நாற்காலியில் உட்கார்ந்தார். அது முன்னே சாய்ந்தது, பின்னே சாய்ந்தது. நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. நல்ல வார்த்தைதான், சபை இருந்தால் சிரித்திருக்கும். அதை விழுங்கிக்கொண்டு எழுந்தார். பின்னால் நாற்காலி தானாக ஆடி ஓய்வது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.