பிளந்த பாறையில் எந்தப் பக்கம்?

செம்பாறை மேடுகள் நிறைந்த வறண்ட நாட்டில், பியூப்லோ என்ற பழங்குடி மக்களின் மண்வீடுகளுக்குப் பக்கத்திலே தரை அணில் கூட்டம் ஒன்று வளை தோண்டி வாழ்ந்தது. பனிக்காலம் வந்தால்தான் அந்த மக்கள் கூடி உட்கார்ந்து முன்னோர் கதை சொல்வார்கள். அணில்களும் அப்படித்தான்.

ஒரு கோடையில் ஊற்று வற்றிப்போயிற்று. இப்படியொரு பஞ்சத்தில் முன்னோர்கள் தண்ணீர் தேடிப் போன வழி கதையில் இருந்தது. ஆனால் அதை நன்றாகச் சொல்லத் தெரிந்த கிழ அணில் அப்போதுதான் செத்துப்போயிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு நரி வந்தது. பனிக்காலத்தில் வளை வாசலில் படுத்துத் தானும் கதை கேட்டதாகச் சொன்னது. சொல்லியும் காட்டியது. காய்ந்த ஓடையைத் தாண்டிப் பிளந்த பாறை வரை ஒரு சொல் பிசகவில்லை. அங்கிருந்து முன்னோர்கள் மேற்கே திரும்பினார்கள் என்று முடித்தது. காலையில் தானே துணைக்கு வருவதாகவும் சொன்னது. அணில்கள் தலையாட்டின.

செவலை என்ற தாய் அணிலுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "கிழக்கே என்றுதான் எனக்கு ஞாபகம்" என்றது.

"நீ தூங்கி வழிந்துகொண்டு கேட்டிருப்பாய். நான் விழித்திருந்து கேட்டவன்" என்றது நரி.

எல்லாம் சிரித்தன. செவலைக்கே சந்தேகம் வந்துவிட்டது. வளையில் அதன் குட்டிகள் நாக்கு வறண்டு கிடந்தன. வழி தவறினால் திரும்பி நடக்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது.

பள்ளத்துக்கு அப்பால் அதன் அக்காள் வெள்ளச்சியின் கூட்டம் இருந்தது. வளைச் சண்டையில் பிரிந்துபோன கூட்டம். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. செவலை ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அங்கே போனது.

வெள்ளச்சி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நரி வந்த கதையைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, பிளந்த பாறையிலே..." என்று தொடங்கியது செவலை.

"நிறுத்து. நீ சொல்லிவிட்டால் நானும் அதையே பிடித்துக்கொள்வேன். என் வாயால் கேள்."

பனி விழாமல் வெள்ளச்சி அந்தக் கதைக்கு வாய் திறந்ததே இல்லை. தங்கையின் வெடித்த உதட்டைப் பார்த்து அன்று சொன்னது. அதிலும் கிழக்குதான்! செவலையின் கூட்டம் மறந்துபோன ஒன்றும் அதில் இருந்தது. அங்கே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, பட்ட மரத்தடி மணலைத் தோண்ட வேண்டும்.

விடிந்ததும் அக்காவும் தங்கையும் சேர்ந்தே வந்தன. கூட்டத்தின் நடுவே வெள்ளச்சி கதையை முதலிலிருந்து சொன்னது. கேட்கக் கேட்க மற்ற அணில்களுக்கும் பழைய சொற்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.

செவலை நரியைப் பார்த்தது. "பேச்சே இல்லாத இரண்டு வீட்டிலும் ஒரே கிழக்கு இருக்கிறது. உன் மேற்கு உன்னைத் தவிர யாரிடம் இருக்கிறது?"

நரி மேற்கே நடையைக் கட்டியது. அங்கே பாறை நிழலில் அதன் உறவுக்கார நரிகள் பசியோடு காத்திருந்தன.

இரண்டு கூட்டமும் சேர்ந்து கிழக்கே நடந்தன. பட்ட மரத்தடியைத் தோண்டத் தோண்ட மணல் ஈரமானது. பிறகு தண்ணீர் ஊறியது. குட்டிகளை முதலில் குடிக்கவிட்டன.

ஒருவன் காதில் விழுந்த கதையை அவன் இஷ்டத்துக்குத் திருப்பலாம். பலர் வாயில் வாழும் கதையை யாராலும் திருப்ப முடியாது.